தண்ணீர் திரும்பும், கோரை தானாகத் திரும்பாது

நீரோரத்தில் நிற்கும் கோரைத் தண்டு ஒன்றைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். புல் என்றால் வழவழவென்று உருளும். கோரை இடறும், ஏனென்றால் பெரும்பாலான கோரைகளின் தண்டு மூன்று பட்டை கொண்டது. இலைகளும் தண்டைச் சுற்றி மூன்று வரிசையாகக் கிளம்பும். புல்லுக்கு இரண்டே வரிசை. புல்லின் தண்டில் மூங்கிலைப் போலக் கணுக்கள் தெரியும், கணுக்களுக்கு நடுவே பெரும்பாலும் கூடாக இருக்கும். கோரையின் பூந்தண்டைத் தடவினால் கணு தட்டுப்படாது. நகத்தால் கீறினால் உள்ளே நெட்டிபோல லேசான சதை. உருண்டைத் தண்டு கொண்ட கோரைகளும் உண்டு, குறிப்பாக ஆழமான தண்ணீரில் நிற்பவை. அதனால் விரல் சோதனையை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தடித்த பழுப்புக் கதிரோடு நிற்கும் சம்புவைப் பலர் ஆனைக்கோரை என்பார்கள். அது கோரைக் குடும்பமே இல்லை. நாணலும் அப்படித்தான், அது புல் இனம். உண்மையான கோரைகள் சைப்பரேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகில் சுமார் 5,500 வகைகள் உண்டு. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஏறக்குறைய 2,000 வகைகள், கேரெக்ஸ் என்ற ஒரே பேரினத்தில் அடங்கும். தோட்டத்தில் பிடுங்கப் பிடுங்க முளைத்து எரிச்சலூட்டும் கோரைக்கிழங்கும் இந்தக் குடும்பம்தான். அந்த ஒன்றை வைத்து மற்ற ஐயாயிரத்தையும் களை என்று ஒதுக்கிவிடுகிறோம்.

வறண்டோ கெட்டோ போன ஈரநிலத்தையும் அரித்துப்போன ஆற்றங்கரையையும் பழைய நிலைக்குக் கொண்டுவர, அந்தந்த இடத்துக்கே உரிய கோரைகளை நட்டு வளர்ப்பது பல நாடுகளில் கைக்கொள்ளப்படும் வழி. அதில் கோரை செய்யும் வேலை என்ன, ஏன் மனிதர் கைப்பட நட வேண்டியிருக்கிறது, எங்கே தவறு நேர்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சேற்றுக்குள் ஒரு காற்றுக்குழாய்

தண்ணீர் தேங்கிய மண்ணில் ஆக்ஸிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். இருப்பதை நுண்ணுயிர்கள் உறிஞ்சிக்கொள்ளும். மேலிருந்து புதிதாக இறங்குவதற்குத் தண்ணீர் வழிவிடாது. சாதாரணச் செடியின் வேர் அங்கே மூச்சுமுட்டி அழுகும். கோரை அழுகாததற்குக் காரணம், இலையிலிருந்து வேர்நுனி வரை ஓடும் காற்றறைத் திசு. முன்பு நகத்தால் கீறியபோது நெட்டிபோல இருந்ததே, அந்த அமைப்பின் ஒரு பகுதிதான் அது. இலை வழியாக நுழையும் காற்று இந்த அறைகளில் இறங்கி வேருக்குப் போகிறது. கொஞ்சம் வேரிலிருந்து வெளியேயும் கசிகிறது.

கசிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கரிய சேற்றிலிருந்து ஒரு கோரையைத் தோண்டி எடுத்து, வேரை மெதுவாக அலசுங்கள். பல சமயம் வேரின்மேல் செங்காவி நிறத்தில் ஒரு பூச்சு படிந்திருக்கும். சேற்று நீரில் கரைந்திருந்த இரும்பு, வேரிலிருந்து கசிந்த ஆக்ஸிஜன் பட்டுத் துருவாகியிருக்கிறது. சுற்றிலும் கறுப்புச் சேறு, நடுவே மயிரிழை கனத்துக்குத் துரு. அந்த மெல்லிய எல்லையில்தான் தண்ணீர் சுத்தமாகும் வேலை நடக்கிறது.

கழிவுநீரிலும் வயலிலிருந்து வடியும் நீரிலும் வரும் அம்மோனியத்தை, வேரை ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தி நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரேட் சற்றுத் தள்ளி, காற்றில்லாத சேற்றுக்குள் போனதும் வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கி வானுக்கு அனுப்பிவிடுகின்றன. இரண்டு வேலைக்கும் நேர் எதிரான இரண்டு சூழல் வேண்டும். கோரை வேர் இரண்டையும் சில மில்லிமீட்டர் இடைவெளிக்குள் அமைத்துத் தருகிறது. பாஸ்பரஸ் இப்படி வாயுவாகப் போகாது. இரும்போடும் மண்ணோடும் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கும். எனவே எவ்வளவு பாஸ்பரஸ் வந்தாலும் கோரை தின்று தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை வேண்டாம். ஒரு கட்டத்தில் மண் நிறைந்துவிடும்.

தாவரங்களை வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் சோதனைகளை 1950-களில் ஜெர்மனியின் பிளோன் நகரில், மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கேத்தே சைடல் தொடங்கினார். அவர் முதலில் கையில் எடுத்த செடி நீரில் உயரமாக நிற்கும் உருண்டைத் தண்டுக் கோரை. இன்று உலகெங்கும் கட்டப்படும் செயற்கை ஈரநிலங்களின் வேர் அங்கே இருக்கிறது. பிற்பாடு ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் மழைநீர் வடிகட்டிப் படுகைகளுக்காக அந்நாட்டுக்கே உரிய செடிகள் பலவற்றை ஒப்பிட்டு 2008-இல் முடிவுகளை வெளியிட்டபோது, நைட்ரஜனை நீக்குவதில் முன்னணியில் நின்றவற்றுள் ஒன்று கேரெக்ஸ் அப்ரெஸ்ஸா என்ற கோரை. ஒரே மாதிரித் தொட்டி, ஒரே மண், ஒரே தண்ணீர். செடி மாறியதும் முடிவு மாறியது. ஏதோ ஒரு பச்சை இருந்தால் போதும் என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

காற்றுக்குழாய்க்கு மறுபக்கமும் உண்டு. மேலிருந்து ஆக்ஸிஜன் இறங்கும் அதே வழியில் சேற்றில் உண்டாகும் மீத்தேன் மேலே ஏறி வெளியேறும். மட்காமல் சேரும் கோரைக் குப்பை நீண்ட காலத்துக்குக் கரிமத்தைப் புதைத்துவைக்கிறது என்பது உண்மை; மீத்தேன் வெளியேறுவதும் உண்மை. ஈரநிலத்தைப் பற்றிப் பேசும்போது முதலாவதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம்.

கரையைப் பிடிப்பது எப்படி

வெள்ளத்தில் நாணல் வளைந்து கொடுக்கும் என்று சொல்வோமே, கோரை அதற்கும் ஒரு படி மேல், முழுதாகப் படுத்துவிடும். படுத்த இலைகள் மண்ணின்மேல் போர்வைபோல் விரிய, வேகமான நீர் அந்தப் போர்வைக்கு மேலே ஓடுகிறது. மண்ணை ஒட்டிய நீர் தயங்குகிறது, தயங்கும்போது சுமந்துவந்த வண்டலைக் கொஞ்சம் போட்டுவிட்டுப் போகிறது. வெள்ளம் வடிந்ததும் கோரை நிமிர்ந்து, புதிதாக விழுந்த வண்டலுக்குள் வேர் விடுகிறது. இப்படியே கரை சிறிது சிறிதாக உயரும்.

கீழே வேர்கள். சில கோரைகள் மண்ணுக்கடியில் மட்டநிலத்தண்டு ஓட்டி, அடிக்கொரு தூர் கிளப்பிப் பரவும். சில ஓடாமல் ஒரே இடத்தில் தூர் கட்டிக் குத்தாக உயரும். வட அமெரிக்காவின் கேரெக்ஸ் ஸ்ட்ரிக்டா இரண்டாவது வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: பழைய இலையடிகளும் வேர்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, சேற்றுக்கு மேலே மண்டைமண்டையாக மேடு எழுப்பும். நியூசிலாந்தின் கேரெக்ஸ் செக்டா ஒரு மீட்டர் அளவுக்கு மரத்தடிபோல நார் அடுக்கிக்கொண்டு உச்சியில் இலை விரிக்கும். கரையைத் தைத்துப் பிடிக்க ஓடும் வகை உதவும். மேடுபள்ளம் உண்டாக்கிப் பிற செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் இடம் தரக் குத்து வகை உதவும். இரண்டும் வேண்டும்.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ஓடும் சவுத் ஃபோர்க் கெர்ன் ஆற்றில் செய்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், கோரையும் அதையொத்த ஈரப்புல்வெளிச் செடிகளும் பிடித்திருந்த கரையைவிட அவை இல்லாத கரை சராசரியாகப் பத்து மடங்கு எளிதில் அரிபட்டது. எண்ணைவிட எனக்குப் பிடித்தது, அந்தக் கரை இடியும் விதம். ஆறு வேர்ப்பகுதிக்குக் கீழே உள்ள மண்ணைக் குடைகிறது. மேலே வேர் பின்னிய அடுக்கு, வீட்டுத் தாழ்வாரம்போல அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கனம் தாங்காதபோது அது உதிர்வதில்லை, மடங்கிச் சாய்கிறது. வேர்கள் இன்னும் கரையைப் பிடித்திருக்க, சரிந்த கட்டி கரையின் அடிக்காலில் போய் உட்கார்ந்து, அடுத்த வெள்ளம் அங்கே குடையாமல் காக்கிறது. இடிந்த பிறகும் அது காவல் வேலையைத்தான் பார்க்கிறது.

இதற்கு ஒரு வரம்பும் இருக்கிறது. கோரை வேரின் பெரும்பகுதி மண்ணின் மேல் அரை மீட்டருக்குள் முடிந்துவிடும். ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் கரையின் உச்சியில் கோரை நட்டால், ஆறு அதன் காலடிக்குக் கீழே நிதானமாக மண்ணை வாரிக்கொண்டு போகும். முதலில் சரிவைத் தணிக்க வேண்டும். ஒரு பங்கு உயரத்துக்கு மூன்று பங்கு அகலம் என்ற அளவில் சாய்த்துவிட்டால் கோரைக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும். நீர் நேராக மோதும் வெளிவளைவுகளில் அடிக்காலுக்குக் கல்லோ மரத்தடியோ, மேற்சரிவுக்கு ஆழ வேர்விடும் மரமோ இல்லாமல் கோரை தனியாகத் தாக்குப்பிடிக்காது.

தண்ணீர் விட்டால் வந்துவிடாதா?

அமெரிக்காவின் அயோவா, மினசோட்டா பகுதிகளில் பனியாறுகள் விட்டுச்சென்ற பள்ளங்களில் ஏராளமான சிறு ஈரநிலங்கள் இருந்தன. விவசாயத்துக்காக நிலத்தடி வடிகுழாய் பதித்து அவற்றை வற்றவைத்தார்கள். 1980-களின் இறுதியில் பலவற்றில் அந்தக் குழாய்களை உடைத்துத் தண்ணீரை மீண்டும் தேங்கவிட்டார்கள். தண்ணீர் வந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும் என்பது எதிர்பார்ப்பு. நீருக்குள் வாழும் செடிகள் வந்தன, வாத்துகளும் வந்தன. ஆனால் இயற்கையான பள்ளங்களின் விளிம்பில் வளையமாக நிற்கும் கோரைப் புல்வெளி மட்டும் காணோம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கோரை நின்றிருக்க வேண்டிய வளையத்தைப் பல இடங்களில் ரீட் கேனரி புல் என்ற முரட்டுப் புல் வளைத்துப்போட்டிருந்தது.

ஏன் என்று கேட்டால் மூன்று காரணம் சொல்லலாம். மண்ணுக்குள் தூங்கும் விதைக்கும் ஆயுள் உண்டு. வற்றவைத்து உழுதுகொண்டே இருந்தால் சில பத்தாண்டுகளில் அந்தச் சேமிப்பு கரைந்துவிடும். அடுத்தது தூரம். பல கேரெக்ஸ் விதைகளைச் சுற்றிக் காற்றடைத்த சிறு பை போன்ற உறை உண்டு. அது மிதந்து போவதற்கானது. ஆற்றோடு இணைந்த இடத்துக்கு மிதந்து வரும், நாலாபுறமும் வயல் சூழ்ந்த தனிப்பள்ளத்துக்கு எப்படி மிதந்து வரும்? பறவை சுமந்து வந்தால் உண்டு. மூன்றாவது, முந்திக்கொள்ளும் போட்டியாளர்கள். உரம் கலந்த நீர் வரும் இடத்தில் சம்புவும் முரட்டுப் புற்களும் ஒரே பருவத்தில் தளதளவென்று எழும்பி நிழல் போட்டுவிடும். மெதுவாக வளரும் கோரை நாற்று அந்த இருட்டில் நிற்காது.

ஆக, தண்ணீரை மீட்பது பாதி வேலை. மீதிப் பாதி, காலி இடத்தை வேறொன்று பிடிப்பதற்கு முன் கோரையைக் கொண்டுபோய் வைப்பது.

எந்தக் கோரை? அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியிலேயே இயல்பாக நிற்கும் கோரை. இதில் பிடிவாதம் வேண்டும் என்பதற்கு ஒரு கோரையே சாட்சி. கேரெக்ஸ் கொபோமுகி கிழக்காசியக் கடலோர மணலுக்குரியது. அங்கே நல்ல பிள்ளை. 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடற்கரையில் அது இருப்பது தெரியவந்தது. மிதித்தாலும் நோய் வந்தாலும் தாங்குகிறதே என்று பின்னாளில் மணல்மேடுகளைக் காப்பாற்ற அதை வேண்டுமென்றே நட்டார்கள். இப்போது அந்த மணல்மேடுகளுக்குரிய சொந்தப் புல்லை நெருக்கித் தள்ளுகிறது என்று அதையே பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். நட்டபோது மெச்சிய அதே குணம்தான் பிடுங்குவதற்கும் காரணமாகிவிட்டது.

விதை, நாற்று, ஒரு சாண் உயரம்

முதலில் அருகில் நன்றாக இருக்கும் ஈரநிலம் ஒன்றைப் போய்ப் பாருங்கள். எந்தக் கோரை எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று ஒரு கோலை ஊன்றி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகத்தையும்விட அந்தக் குறிப்பு பயன்படும்.

நாற்று உண்டாக்க இரண்டு வழி. குத்தைத் தோண்டித் தூர் பிரித்து நடுவது எளிது. இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, வேர் காயாமல் ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, முடிந்தால் அன்றே நட்டுவிட வேண்டும். ஒரே குத்திலிருந்து நூறு தூர் எடுத்தால் நூறும் ஒரே செடியின் நகல். நோயோ வறட்சியோ வந்தால் மொத்தமாகப் போகும். ஆகவே தள்ளித்தள்ளி நிற்கும் பல குத்துகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே சரி. தாய் இடத்தை மொட்டையடித்துவிட்டு இன்னொரு இடத்தை மீட்பதில் அர்த்தமில்லை.

விதையிலிருந்து வளர்த்தால் வகைவகையான மரபு கிடைக்கும், பொறுமையும் தேவைப்படும். கதிரை விரலால் உருவினால் தானாகக் கையோடு வரும் பருவத்தில் சேகரிக்க வேண்டும். குளிர்ப் பிரதேசக் கேரெக்ஸ் விதைகள் பல, ஈர மணலோடு கலந்து ஓரிரு மாதம் குளிரில் வைத்தால்தான் உறக்கம் கலையும். வெப்பப் பிரதேசக் கோரைகளுக்கு அது பொதுவாகத் தேவையில்லை. காய்ந்து கிடந்தால் சில வகைகளின் முளைப்புத்திறன் சீக்கிரம் விழுந்துவிடும். முதல்முறை செய்பவர்கள் இடறுவது விதைப்பில்தான். நெல்லையோ உளுந்தையோ போல மண் போட்டு மூடிவிடுவார்கள். பெரும்பாலான கோரை விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்தி, குழித்தட்டின் அடி தண்ணீரில் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்தால் போதும். பகலில் சூடும் இரவில் தணிவும் மாறிமாறி வந்தால் முளைப்பு நன்றாக இருக்கும். நேரடியாகக் கரையில் விதை தூவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு மழை வந்தால் அத்தனையும் அடித்துக்கொண்டு போகும்.

நடவுக்கு முந்தைய பருவத்திலேயே கரையில் முளைக்குச்சிகள் அடித்து, நீர்மட்டம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று குறித்துவைப்பது நல்லது. கோரை நடவில் தோல்விக்குக் காரணம் தேடினால், பல சமயம் உரமோ பூச்சியோ இருக்காது, உயரம்தான் இருக்கும். வரப்போரம் சேறாக இருக்கும் இடத்தில் நிற்க வேண்டியதை ஒரு சாண் கீழே நட்டால் மூழ்கிச் சாகும். ஒரு சாண் மேலே நட்டால் களை மூடிச் சாகும். முழு வளர்ச்சியில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் கோரைகூட நாற்றாக இருக்கும்போது இலைநுனி நீருக்கு மேலே தெரிய வேண்டும். காற்றுக்குழாயின் வாய் அங்கேதான் இருக்கிறது. இதே காரணத்தால், வளர்ந்த கோரையைக்கூட நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்துவிட்டுத் தண்ணீரை ஏற்றினால் அது மூச்சடைத்துப் போகக்கூடும்.

இடைவெளி ஓர் அடி, அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழப் பதினொரு நாற்று. கையில் நாற்று குறைவாக இருந்தால் மொத்தக் கரைக்கும் அகல அகலமாக இறைக்காமல், சில திட்டுகளில் நெருக்கமாக நட்டு, அவை பரவும்வரை காத்திருப்பது மேல். அலையடிக்கும் கரையில் தென்னைநார் உருளைகளை அடிக்காலில் முளையடித்து நிறுத்தி, அவற்றின் பின்னாலும் மேலேயும் நடலாம். சில ஆண்டுகளில் நார் மட்கிப்போகும், அதற்குள் வேர் அந்த இடத்தைப் பிடித்திருக்கும். நட்ட முதல் சில வாரம் தண்ணீரைத் தாழ்த்தி வைக்க முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

பிறகு வருவது காவல். வாத்தும் கெண்டை இன மீன்களும் புது நாற்றைப் பிடுங்கி மிதக்கவிடும். மாடு மேய்ந்தால்கூடக் கோரை மீண்டும் துளிர்க்கும். அதன் குளம்பு ஈரக்கரையைக் குழப்பிவிட்டால் வேர் பிடிக்காது. வேலியோ வலையோ முதல் இரண்டு பருவத்துக்குத் தேவை. களையையும் அந்த இரண்டு பருவத்தில் கையால் எடுத்தாக வேண்டும், கோரை நாற்றையும் புல் நாற்றையும் மாற்றிப் பிடுங்காமல். விரலில் வைத்து உருட்டிப் பார்க்கும் பழக்கம் அப்போது கைகொடுக்கும்.

முதலாண்டில் மேலே பெரிதாக ஒன்றும் தெரியாது. இலை மெலிந்து, நட்டது நட்டபடியே நிற்பதுபோல் இருக்கும், பார்ப்பவர்கள் பிழைக்காது என்பார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் இரண்டு தூர்களுக்கு நடுவே வெறுமையாகத் தெரியும் ஓர் இடத்தில் மண்வெட்டியை இறக்கிப் பாருங்கள். வெறும் சேறாக இருந்தால் சளக்கென்று இறங்கும். நறநறவென்று வேர் அறுபடும் சத்தத்தோடு பாதியில் நின்றால், மண்வெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலால் மிதித்து மூடிவிடலாம்.